செப்டம்பர் முதல் கிறிஸ்துமஸ் வரை: இங்கிலாந்தில் ஆண்கள் பள்ளிக்குப் பையனை அனுப்பும் புதுக் குடும்பங்களுக்கு

இங்கிலாந்தில் பள்ளி ஆண்டின் முதல் தவணை செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு முடிகிறது. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் ஹாஃப் டேர்ம் விடுமுறை. சில ஆண்கள் பள்ளிகள் இரண்டு வாரமாகவும் விடும். பார்னெட்டின் குயின் எலிசபெத்ஸ், சட்டன் பக்கத்து வில்சன்ஸ், கிங்ஸ்டனின் டிஃபின் போன்ற, நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளியானாலும், பக்கத்துத் தெருவின் சாதாரண ஆண்கள் பள்ளியானாலும், 11 வயதில் மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான இயர் செவனுக்குள் நுழையும் பையனுக்கு இந்தத் தவணைதான் மிகக் கனமானது. அதுவரை அம்மா கையைப் பிடித்துப் போனவன் இப்போது தனியாக இரண்டு பேருந்து மாறிப் போகிறான்.

கவனம் இரண்டு இடத்தில் குவிய வேண்டும். படிவ வேலை முழுவதையும் செப்டம்பரின் முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். உடல் பாதுகாப்பு சார்ந்த பேச்சையும் ஏற்பாட்டையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கு முன்னால் செய்துவிடுங்கள். மற்றவற்றை நாட்காட்டியில் குறித்து வைத்தாலே போதும்.

செப்டம்பரில் முடிக்க வேண்டியவை

முதலில் பெயர். நம் பெயர்முறையில் தகப்பன் பெயர் முன்னே வருவதும் இனிஷியலாகச் சுருங்குவதும் பள்ளிக் கணினிக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயர், முதற்பெயர் வரிசையிலேயே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு என்றால், அழைக்கும் பெயர் என்ற கட்டத்தில் அதைக் குறிக்கலாம். பள்ளியில் ஒரு பெயர், குடும்ப மருத்துவரான ஜிபியிடம் ஒரு பெயர் என்று இருந்தால் தடுப்பூசிப் படிவத்தில்தான் சிக்கல் தெரியவரும்.

அடுத்து அவசரத் தொடர்பு எண்கள். குறைந்தது இரண்டு பேர் கொடுங்கள். மூன்றாவதாக, பகலில் வீட்டில் இருக்கும் ஒரு மாமியோ சித்தப்பாவோ இருந்தால் நல்லது. பள்ளியிலிருந்து வரும் அழைப்பு சில நேரம் எண் தெரியாமல் வரும். மோசடி அழைப்பு என்று நினைத்து எடுக்காமல் விடுவது பரவலாக நடக்கிறது. பையன் மருத்துவ அறையில் உட்கார்ந்திருக்கும்போது இது பெரிய தொல்லை. பள்ளி நேரத்தில் எண் தெரியாத அழைப்பையும் எடுத்துவிடுங்கள்.

காகிதக் கடிதம் இப்போது அபூர்வம். பயண அனுமதி, கட்டணம், பெற்றோர் சந்திப்பு எல்லாம் மின்னஞ்சலிலோ பேரண்ட்பே போன்ற செயலியிலோ வரும். தாய், தகப்பன் இருவர் மின்னஞ்சலையும் பதிவுசெய்யுங்கள். ஒருவர் மட்டும் பதிந்தால் அவர் இரவு ஷிஃப்டில் இருக்கும் வாரத்தில்தான் கடைசி நாள் வரும். கேன்டீனில் கைரேகை வைத்துப் பணம் கழிக்கும் முறை பல பள்ளிகளில் உண்டு. அதற்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். அட்டையோ இரகசிய எண்ணோ வேறு வழியாகக் கொடுப்பது பள்ளியின் கடமை.

ஆஸ்துமா உள்ள பையன் என்றால் இது அவசரமான வேலை. பள்ளி திறந்து இரண்டு வாரத்தில், செப்டம்பர் நடுவில், பிள்ளைகளின் ஆஸ்துமா தாக்குதல் ஒவ்வோர் ஆண்டும் உச்சத்துக்குப் போகிறது. விடுமுறையில் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடுவதும், வகுப்பில் சளிக் கிருமி சுற்றுவதும் சேர்ந்து வரும் வினை. ஆகஸ்ட் கடைசியிலிருந்தே தடுப்பு இன்ஹேலரைத் தினமும் எடுக்க வையுங்கள். மூச்சுத் திணறும்போது உடனே இழுக்கும் நீல நிற இன்ஹேலர் ஒன்று பையனின் பிளேசர் பையில் இருக்கட்டும், புத்தகப் பையில் வேண்டாம். விளையாட்டு மைதானத்துக்குப் போகும்போது புத்தகப் பை லாக்கரில் கிடக்கும். இன்னொன்றை மருந்தகத்தின் லேபிள் ஒட்டிய பெட்டியோடு, இன்ஹேலரில் பொருத்தும் குழாயான ஸ்பேசரும் சேர்த்து மருத்துவ அறையில் கொடுங்கள். காலாவதித் தேதியை நீங்களே கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இயர் செவனில் முதல் சில வாரத்தில் கேட்ஸ் என்ற பொதுத்திறன் தேர்வு வைப்பார்கள். இதற்கு ட்யூஷன் வேண்டாம். பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பள்ளி தெரிந்துகொள்ளும் கருவி அது. பயிற்சி கொடுத்து மதிப்பெண்ணைத் தூக்கினால் பிறகு பள்ளி வைக்கும் இலக்கும் தூக்கலாகவே இருக்கும்.

வருகைப் பதிவில் இந்த நாடு கறார். பையனுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளி சொல்லும் நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் மணி அடிப்பதற்குள், தொலைபேசியிலோ செயலியிலோ சொல்ல வேண்டும். இரண்டாம் நாளும் வரவில்லை என்றால் மறுபடி சொல்ல வேண்டும். பள்ளி நாளில் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணமோ சென்னையோ போவதற்கு அனுமதி கிடைப்பது அரிது. 2024 ஆகஸ்டில் வந்த விதிப்படி, 10 பள்ளி வாரங்களுக்குள் 10 அரைநாள் அனுமதியில்லாமல் போனால் அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, தாண்டினால் 28 நாளுக்குள் 160. ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி என்பதால் இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் தொடக்கமே 320 பவுண்டு. தீபாவளிக்கு மட்டும் வழி உண்டு: சமயத் திருநாள் என்று ஒரு நாள் விடுப்பு கேட்டு, ஒரு வாரமாவது முன்பு எழுத்தில் அனுப்புங்கள். நாள் கழித்துச் சொன்னால் அது வெறும் வராத நாள்தான்.

உடுப்பும் சாப்பாட்டு டப்பாவும்

பிளேசரைத் தோளில் சற்றுப் பெரிதாக வாங்கலாம், கையை மடித்துத் தைக்கலாம். கோட் வாங்கும்போது பையனைப் பிளேசரோடு நிறுத்தி அளவு பாருங்கள். சட்டைக்கு மேல் பொருந்திய கோட் பிளேசருக்கு மேல் ஏறாது. பிறகு கோட்டே போடமாட்டேன் என்பான். ஆண்கள் பள்ளியில் 200 பேர் ஒரே கறுப்புப் பிளேசரைக் கழற்றி ஒரே வேலி ஓரம் எறிந்துவிட்டுப் பந்து விளையாடுவார்கள். காலணி உட்பட எல்லாவற்றிலும் முழுப் பெயர் எழுதுங்கள். இனிஷியல் மட்டும் எழுதினால் அதே எழுத்துள்ள ஐந்து பேர் இருப்பார்கள்.

திருநீறு, மணிக்கட்டுக் கயிறு, காதுக் கடுக்கன் பற்றிப் பள்ளிக்குப் பள்ளி விதி மாறும். கோவில் கயிறு கட்டியிருந்தால் சமயக் காரணம் என்று, அந்த வகுப்பாண்டுக்குப் பொறுப்பான ஆசிரியரான ஹெட் ஆஃப் இயருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். விளையாட்டு வகுப்பில் மட்டும் கழற்றவோ டேப் சுற்றி மூடவோ சொல்வார்கள், அதில் வாதாட வேண்டாம், விரலும் கயிறும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜம். மிகக் குட்டையான முடிவெட்டுக்குத் தடை போடும் ஆண்கள் பள்ளிகள் நிறைய. ஆகஸ்டில் ஊருக்குப் போய் நேர்த்திக்கு மொட்டை போட்டிருந்தால், முதல் நாளே பையன் தண்டனை அறையில் உட்காராமல் இருக்க, முன்கூட்டியே கடிதம் வேண்டும்.

சாப்பாட்டில் கடலை, முந்திரி, பாதாம் தவிருங்கள். பல பள்ளிகள் இவற்றை முழுதும் தடைசெய்திருக்கின்றன. நமக்குத் தோன்றாமல் விட்டுப்போவது கடலைச் சட்னி, தாளிதத்தில் போட்ட வேர்க்கடலை, எள் தூவிய முறுக்கு, எள்ளுருண்டை. இந்த நாட்டுச் சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் ஒன்று. தீபாவளிக்கு வகுப்புக்குப் பலகாரம் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை இருந்தால், பள்ளியைக் கேட்டபின், பொருள் பட்டியல் அச்சிட்ட கடைப் பெட்டியாகக் கொடுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது: ஆப்பிள் நறுக்க என்று சமையலறைக் கத்தியை டப்பாவில் வைத்து அனுப்பாதீர்கள். பள்ளியில் கத்தி பிடிபட்டால் தாயின் அன்பு என்று யாரும் பார்க்கமாட்டார்கள். இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது 10. நீக்கமும் போலீஸும் வரை போகும். பழத்தை வீட்டிலேயே நறுக்கி வையுங்கள்.

ரக்பி: கம் ஷீல்டும் தலையடியும்

ஆண்கள் பள்ளிகள் பலவற்றில் இந்தத் தவணையின் விளையாட்டு ரக்பிதான். கிரிக்கெட் கோடையில்தான் வரும். அணிக்குத் தேர்வானால் சனிக்கிழமைக் காலை போட்டி இருக்கும். அது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு மோதும். பயிற்சியாளரிடம் செப்டம்பரிலேயே போட்டி அட்டவணை வாங்கி, தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடமும் காட்டுங்கள். இரண்டு பக்கமும் வாரம் முழுக்கச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது எளிது.

பற்களைக் காக்கும் கம் ஷீல்ட் இல்லாமல் களத்தில் இறங்கவிடமாட்டார்கள். கடையில் விற்கும், கொதிநீரில் இளக்கிக் கடிக்கும் வகை தொடக்கத்துக்குப் போதும். செய்யும் முறை:

1. பையன் வாயில் வைத்துப் பார்த்து, பின்பல்லைத் தாண்டி நீண்டால் கத்தரியுங்கள்.
2. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, பெட்டியில் சொன்ன நொடிகள் மட்டும் முக்குங்கள்.
3. குளிர்ந்த நீரில் ஒரு நொடி காட்டி, மேல் பற்களில் பொருத்தி, இறுகக் கடித்து, உறிஞ்சச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கன்னத்தையும் உதட்டையும் விரலால் அழுத்துங்கள்.
4. அப்படியே குளிர்நீரில் போட்டு இறுகவிடுங்கள்.

அதிக நேரம் முக்கினால் சுருங்கி வளைந்துவிடும். வாயைத் திறந்தால் விழுகிறது என்றால் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அதை மென்றுகொண்டே விளையாடுவான், பாதுகாப்பு இருக்காது. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் இந்த வகை வேண்டாம், பல் மருத்துவரைக் கேளுங்கள். 11, 12 வயதில் பல் இன்னும் முளைத்துக்கொண்டிருப்பதால் ஜனவரியில் மறுபடி வாங்க வேண்டி வரும்.

இனி தலையடி. தலையில் மெத்தென்ற தொப்பி அணிந்தால் மூளை அதிர்வு வராது என்ற நம்பிக்கை தவறு. அது காதையும் தோலையும்தான் காக்கும். கன்கஷன் எனப்படும் அந்த அதிர்வுக்கு மயக்கம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் கண்ணைக் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல், அசாதாரண எரிச்சல் போதும். அடுத்த நாள்கூடத் தெரியலாம். 2023இல் வெளியான நாட்டளாவிய வழிகாட்டுதல் சொல்வது: சந்தேகம் என்றாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுங்கள், அன்று மறுபடி இறக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் மருத்துவரையோ 111 மருத்துவ ஆலோசனை எண்ணையோ தொடர்புகொள்ள வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, திரை குறைவு. அறிகுறி எதுவும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, 21ஆம் நாளுக்கு முன் போட்டி கிடையாது.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம், கழுத்து வலி, சுயநினைவு தப்புதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர எண் 999. பையன் அணியில் இடம் போய்விடும் என்று மறைப்பான். அடியைவிட அந்தப் பயம்தான் இந்த வயதில் பெரிது. எனவே சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்ததும் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், ஸ்கோர் மட்டும் கேட்காதீர்கள்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர்: சந்திப்புகள், தடுப்பூசிகள்

ஓப்பன் ஈவினிங் என்பது அடுத்த ஆண்டு சேர விரும்பும் குடும்பங்களுக்காக. அன்று பள்ளி முன்னதாக விடும். மறுநாள் காலை தாமதமாகத் தொடங்குவதும் உண்டு. இதைக் கவனிக்காத வீட்டில் பையன் மதியம் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பான். ஆசிரியர் பயிற்சிக்கான இன்செட் நாளும் அப்படித்தான். ஆண்டுக்கு ஐந்து வரும். வீட்டில் அடுத்த பையன் இயர் சிக்ஸில் இருந்தால், கிராமர் பள்ளித் தேர்வு பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும், உள்ளூர் கவுன்சிலுக்கு விண்ணப்பம் அக்டோபர் 31க்குள் போக வேண்டும். தேர்வில் தேறினாலே இடம் என்று விண்ணப்பத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் இல்லாமல் இடம் இல்லை.

பெற்றோர் சந்திப்பில் ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம். இணையத்தில் நேரம் திறக்கும் மாலையிலேயே பதிவுசெய்யுங்கள், நல்ல நேரம் பத்து நிமிடத்தில் போய்விடும். வகுப்பில் எத்தனையாவது என்று கேட்டால் பதில் வராது, இங்கே ராங்க் சொல்லும் வழக்கம் இல்லை. அதற்குப் பதில், எந்தத் தலைப்பில் பின்தங்குகிறான், வீட்டில் என்ன செய்யலாம், யாரோடு உட்காருகிறான் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் சுவையான பதில் வரும்.

சளிக்காய்ச்சல் தடுப்பு மருந்தை இயர் லெவன் வரை பள்ளியிலேயே மூக்கில் தெளிப்பார்கள். அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் உள்ளது. வேண்டாம் என்றால் ஊசி கேட்கலாம். இயர் எயிட்டில் பையன்களுக்கும், சில புற்றுநோய்களை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி உண்டு, 2019இலிருந்து இங்கிலாந்தில் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள், இப்போது ஒரே ஊசி. இது பெண்களுக்கானது என்று நினைத்து மறுப்பவர்கள் உண்டு. தொண்டைப் புற்று போன்றவற்றிலிருந்து ஆண்களையும் காப்பதால் போட்டுவிடுவதே சரி. இணையப் படிவத்துக்குப் பதில் போடாமல் விட்டால் ஊசி போடாமலே அனுப்பிவிடுவார்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தெற்காசியத் தோல் நிறமுள்ளவர்கள் ஆண்டு முழுதும். சூப்பர் மார்க்கெட்டின் மலிவு மாத்திரையே போதும்.

கடிகாரம் பின்னே போகும் ஞாயிறு

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி 1 மணி ஆகும். முந்தைய நாள் லண்டனில் மாலை 5:45 வரை வெளிச்சம். மறுநாள் 4:45க்கே சூரியன் போய்விடும். டிசம்பர் நடுவில் 3:50க்குச் சற்றுப் பின் மறையும். 3:20க்கு மணி அடித்து, கிளப் முடித்து, பேருந்தில் ஏறும் பையன் ஹாஃப் டேர்ம் முடிந்து திரும்பும் முதல் திங்களன்றே இருட்டில் வருகிறான். ஒத்திகை பார்க்க நேரமில்லை. அதனால் அந்த விடுமுறையில் ஒரு மாலை, 5 மணிக்கு மேல், பள்ளியிலிருந்து வீடு வரை அவனோடு நடந்து பாருங்கள். எந்தத் தெருவில் விளக்கு இல்லை, எந்த நிறுத்தத்தில் கடை திறந்திருக்கும், பேருந்து வராவிட்டால் எங்கே நிற்பது, எல்லாம் அங்கேயே பேசி முடிக்கலாம்.

கறுப்புப் பிளேசர், கறுப்பு கோட், கறுப்புப் பை: ஓட்டுநர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டை ஒட்டிய பை உறை மலிவானது, மானமும் போகாது. மஞ்சள் மேலுடுப்பு வாங்கிக் கொடுத்தால் தெருமுனையில் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவான். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு சாலை கடக்கக் கூடாது என்பதைச் சட்டம் போலவே சொல்லிவிடுங்கள்.

சைக்கிளில் போனால் இருட்டில் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, சிவப்பு பிரதிபலிப்பான் சட்டப்படி கட்டாயம். விளக்கின் சார்ஜை ஞாயிறு இரவு பார்க்கும் பழக்கம் வையுங்கள். சொந்த மின் ஸ்கூட்டரைச் சாலையிலோ நடைபாதையிலோ ஓட்டுவது எந்த வயதிலும் சட்டவிரோதம். போலீஸ் பறிமுதல் செய்யும். மின்சைக்கிளுக்கு 14 வயது ஆக வேண்டும்.

லண்டனில் 11 முதல் 15 வயதுக்கான ஜிப் ஆய்ஸ்டர் அட்டையில் பேருந்தும் ட்ராமும் இலவசம். பையன் அதைத் தொலைப்பான், நிச்சயம். மாற்று அட்டை வரும் நாள்களுக்கு வழி யோசித்து வையுங்கள். வீட்டு எண்ணும் உங்கள் எண்ணும் அவனுக்கு மனப்பாடம் ஆகட்டும், கைப்பேசியில் இருந்தால் போதாது.

காரணம், கைப்பேசிப் பறிப்பு. நடைபாதை ஓரத்தில் திரையைப் பார்த்து நிற்பவன் கையிலிருந்து மின்சைக்கிளில் வந்து பிடுங்குவார்கள். பேருந்து நிறுத்தத்தில் கட்டிடச் சுவர் பக்கம் நிற்கவும், தெருவில் கைப்பேசியைப் பைக்குள் வைக்கவும் சொல்லுங்கள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும், துரத்தக் கூடாது. இன்றே அவன் கைப்பேசியில் *#06# அழுத்தி, வரும் அடையாள எண்ணை எழுதி வையுங்கள். போலீஸுக்கும் காப்பீட்டுக்கும் அது வேண்டும். ரயிலில் தொந்தரவு என்றால் ரயில்வே போலீஸின் 61016க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

எத்தனை வயதில் வீட்டில் தனியே விடலாம் என்று சட்டம் எண் சொல்வதில்லை. 12 வயதுக்குக் கீழே நீண்ட நேரம் விட வேண்டாம், 16க்குக் கீழே இரவு முழுக்க விட வேண்டாம் என்பது பிள்ளைகள் நல அமைப்பான என்.எஸ்.பி.சி.சி.யின் அறிவுரை. பள்ளி முடிந்து தண்டனையாக நிறுத்திவைக்க உங்கள் சம்மதம் தேவையில்லை என்பதால், ஒரு நாள் 3:20க்குப் பதில் 4:30க்கு வரக்கூடும். அன்று எந்தப் பேருந்து என்று முன்பே பேசி வையுங்கள்.

ஹாலோவீன், தீபாவளி, பான்ஃபயர் நைட்

அக்டோபர் 31இல் ஹாலோவீன், நவம்பர் 5இல் தீமூட்டி வெடி கொளுத்தும் பான்ஃபயர் நைட், அருகிலேயே தீபாவளி. ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போவார்கள்; வாசலில் பூசணி விளக்கு வைத்த வீட்டை மட்டுமே தட்ட வேண்டும். வேட உடைகள் எளிதில் பற்றிக்கொள்ளும். பூசணிக்குள் பேட்டரி விளக்கு வையுங்கள். 12, 13 வயதுப் பையன்கள் கூட்டமாகப் போனால் முட்டையும் மாவும் எறியும் யோசனை யாரோ ஒருவனுக்கு வந்தே தீரும், அதற்குப் போலீஸ் வரும் என்று முன்பே சொல்லுங்கள்.

நமக்குச் சட்டம் இடிக்கும் இடம் வெடிதான். இரவு 11 முதல் காலை 7 வரை வெடிக்கக் கூடாது. நவம்பர் 5க்கு நள்ளிரவு வரை, தீபாவளிக்கு இரவு 1 மணி வரை விலக்கு. எண்ணெய் தேய்த்துக் குளித்து விடியற்காலை 4 மணிக்கு வெடி கொளுத்தும் நம் வழக்கத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. காலை 7க்கு முன் அது குற்றம். தெருவிலும் பூங்காவிலும் எந்த நேரமும் கூடாது, சொந்தத் தோட்டத்தில் மட்டும்தான். 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் வாங்கவோ பொது இடத்தில் வைத்திருக்கவோ முடியாது. சிவகாசிச் சரவெடியை நினைத்துப் பார்க்காதீர்கள்: வெறும் சத்தத்துக்கான வெடிகள் 1997இலிருந்து கடைகளில் தடை, விமானத்திலும் கொண்டுவர முடியாது.

தோட்டத்தில் கொளுத்துவதானால் பெட்டியில் எஃப்2 என்று இருந்தால் 8 மீட்டர், எஃப்3 என்றால் 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய லண்டன் டெரஸ் வீட்டின் பின்தோட்டத்தில் 25 மீட்டர் கிடையாது, அதனால் எஃப்3 வாங்குவதே வீண். ஒரு பெரியவர் மட்டும் கொளுத்தட்டும். நமத்துப்போன வெடியை மறுபடி போய்ப் பார்ப்பது காயத்துக்கு வழி. அரை மணி நேரம் விட்டு, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். கம்பி மத்தாப்பு விளையாட்டுப் பொருள் இல்லை, நுனி 2000 டிகிரி வரை சூடாகலாம். கம்பளிக் கையுறை, ஒரு நேரத்தில் ஒன்று, அணைந்ததும் தண்ணீர் வாளி. ஐந்து வயதுக்குக் கீழே கையில் கொடுக்காதீர்கள். வேட்டி, தாவணி, நைலான் சட்டையோடு கிட்டே போகவும் வேண்டாம்.

சுட்டுவிட்டால்: ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஒட்டாத உடை, மோதிரம், கயிறு கழற்றுங்கள். பிறகு சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான க்ளிங் ஃபிலிமை மேலே விரித்து வையுங்கள், சுற்றிக் கட்டாதீர்கள். பற்பசை, வெண்ணெய், மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. முகம், கை, மூட்டு சுட்டிருந்தாலும், பையனின் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும் மருத்துவமனை.

இவ்வளவும் தலைவலி என்றால், பெற்றோர் சங்கம் பள்ளி மைதானத்தில் வெடிக்காட்சி வைக்கும் பள்ளிகள் உண்டு. முன்பதிவு மலிவு. சொந்த மத்தாப்பை உள்ளே விடமாட்டார்கள். புல் சேறாகிவிடும், நல்ல காலணி போடாதீர்கள், சிறு தங்கைக்குக் காது மூடி எடுத்துப் போங்கள்.

திரைக்குப் பின்னால் நடப்பது

இருட்டிவிட்டால் பையன்கள் வீட்டுக்குள் திரையோடு இருக்கிறார்கள். வாட்ஸ்அப்புக்கு இங்கே குறைந்த வயது 13. ஆனால் இயர் செவன் வகுப்புக் குழு முதல் வாரமே தொடங்கிவிடும். சேர்த்தால், நீங்களும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஆண்கள் பள்ளியில் கேலி எல்லாம் பகிடி என்ற பெயரில் தப்பிக்கும். ஒரே பையனை ஒரே விஷயத்துக்குத் தினமும் என்றால் அது கொடுமைப்படுத்தல்தான். நாள், நேரம், ஸ்கிரீன்ஷாட் படங்களோடு வகுப்புப் பொறுப்பாசிரியரான ஃபார்ம் ட்யூட்டருக்கு எழுதுங்கள். ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் ஹெட் ஆஃப் இயர்.

பெரிய பையன்கள் வீட்டில் பேச வேண்டிய ஒன்று உண்டு, நம் வீடுகளில் பேச்சே எழாதது. அழகான பெண் போல அறிமுகமாகி, அந்தரங்கப் படம் வாங்கி, உடனே பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் 14 முதல் 18 வயது ஆண் பிள்ளைகளையே அதிகம் குறிவைக்கின்றன. 2024இல் தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பு இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு எச்சரிக்கையே அனுப்பியது. பணம் கட்டக் கூடாது, கட்டினால் அடுத்த தொகை வரும். உரையாடலை அழிக்கக் கூடாது, அது ஆதாரம். தொடர்பை நிறுத்திவிட்டு 101இல் போலீஸிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் ரிப்போர்ட் ரிமூவ் சேவையில் பெயர் வெளியே வராமல் படத்தை நீக்கக் கேட்கலாம். சைல்ட்லைனின் 0800 1111 இலவச எண். முன்கூட்டியே ஒரு வாக்கியம் சொல்லி வைத்தாலே பாதி வேலை முடியும்: "அப்படி ஏதும் நடந்தா நேரா என்கிட்ட வா தம்பி, ஏச மாட்டேன்."

நவம்பர், டிசம்பரின் மீதி

நவம்பர் 11, காலை 11 மணி, போரில் இறந்தவர்களை நினைத்து இரண்டு நிமிட மௌனம். காகிதப் பாப்பிப் பூவுக்குச் சில்லறை கொடுத்தனுப்புங்கள். முதல் உலகப் போரில் பிரிபடாத இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து பணியாற்றினார்கள், பையன் வகுப்பில் அதைச் சொல்லலாம். 2026இல் தீபாவளியும் நினைவு ஞாயிறும் ஒரே நாளில், நவம்பர் 8இல் வருகின்றன. அன்று காலை 11 மணியையொட்டி வெடியைத் தவிர்ப்பது மரியாதை.

மப்டி நாள் என்றால் யூனிஃபார்ம் வேண்டாம், ஒன்றிரண்டு பவுண்டு நன்கொடை. கொடுமைப்படுத்தல் எதிர்ப்பு வாரத்தில் ஜோடி சேராத காலுறை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர். இதற்கென்று புதிது வாங்காதீர்கள், பழைய ஸ்வெட்டரில் ஜிகினா ஒட்டினால் போதும். பனி விழுந்தால் காலை 7 மணிக்குள் பள்ளி இணையதளத்தையும் மின்னஞ்சலையும் பாருங்கள்.

கடைசி நாள் பெரும்பாலும் மதியமே விட்டுவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரம் பையனை, தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் லாஸ்ட் ப்ராப்பர்ட்டி அறைக்கு அனுப்புங்கள். பெயரில்லாத பிளேசரும் காலணியும் விடுமுறையில் பெற்றோர் சங்கத்தின் பழைய உடுப்பு விற்பனைக்குப் போய்விடும், ஜனவரியில் அதையே காசு கொடுத்து வாங்கி வரலாம்.